அறிவியல் ஆசிரியர்களுக்கு ஆய்வுவழிக் கற்றல் பயிற்சி: ஆறு அமர்வுகளில் உண்மையில் என்ன செய்யலாம்?

நீலலிட்மஸ்

எல்லோருக்கும் வணக்கம். நான் பதினொரு வருடமாக அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியர்கள் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். அவர்களுக்கு ஆய்வுவழிக் கற்றலில், அதிலும் கைடட் என்கொயரி என்கிறார்களே, கேள்வியை ஆசிரியர் கொடுப்பார், வழியைப் பிள்ளைகள் தேடுவார்கள், அதில் பயிற்சி நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஆறு அமர்வுகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். எந்த இடைவெளியில் வைப்பது, உள்ளே என்ன செய்வது எல்லாவற்றையும் என் முடிவுக்கே விட்டுவிட்டார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. காரணம், இதே தலைப்பில் ஒரு முழுநாள் பயிற்சிக்கு நானே போயிருக்கிறேன். காலையில் ஸ்லைடுகள், மதியம் சார்ட்டில் எழுதி ஒட்டும் குழு வேலை, கடைசியில் கருத்துப் படிவம். எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று' என்று டிக் அடித்துக் கொடுத்தேன், பொய்யாக இல்லை, அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது. அடுத்த வாரம் தனி ஊசல் பாடம் வந்தது. வழக்கமாகச் சூத்திரத்தைப் போட்டுவிட்டுச் செய்து காட்டுவேன், இந்த முறை நூல், குண்டு, ஸ்டாப்வாட்ச் எல்லாவற்றையும் மேசையில் வைத்து "ஊசலின் அலைவு நேரம் எதைப் பொறுத்தது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்" என்றேன். ஒரு குழு யார் ஊசல் அதிக உயரம் போகிறது என்று போட்டி போட்டது. இன்னொரு குழு நூலையும் குண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, எடைதான் காரணம் என்று எழுதி வைத்தது. நன்றாகப் படிக்கும் ஒரு பெண் மூன்று தடவை வந்து "டீச்சர், எது சரின்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாள். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பொறுக்க முடியாமல் போர்டில் சூத்திரத்தை எழுதிப் போட்டேன். பழைய முறையில் நடத்தியிருந்தால் பாடமாவது முடிந்திருக்கும்.

அதனால் கேட்கிறேன். என் சக ஆசிரியர்களுக்கு இதே அனுபவம் வரக்கூடாது. முதல் அமர்வை எதில் தொடங்குவது? போர்ஷன் முடியாது என்பவர்களிடம் என்ன சொல்வது? அப்புறம், பயிற்சி பலித்ததா என்று கருத்துப் படிவம் இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது? நடத்தியவர்களோ கலந்துகொண்டவர்களோ யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

மெழுகுத்திரி

ஏழெட்டு வருடமாக ஆசிரியர் பயிற்சிகள் நடத்துகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான்.

முதல் அமர்வில் ஆய்வுவழிக் கற்றல் என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள். ஸ்லைடு வேண்டவே வேண்டாம். ஆளுக்கு ஒரு தட்டு, கொஞ்சம் தண்ணீர், ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கண்ணாடி டம்ளர் கொடுங்கள். நாம் எல்லோரும் பலமுறை செய்து காட்டிய சோதனைதான்: எரியும் மெழுகுவர்த்தி மேல் டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். ஏன் என்று ஒரு தாளில் எழுதச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், அதனால் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறியது.

பிறகு ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: "இன்னொரு தடவை செய்யுங்கள், தண்ணீர் எப்போது ஏறுகிறது என்பதை மட்டும் பாருங்கள்." அறை அமைதியாகிவிடும். சுடர் எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் அநேகமாக அசைவதே இல்லை. அணைந்த பிறகுதான் சரசரவென்று மேலே வரும். ஆக்சிஜன் செலவாவதுதான் காரணம் என்றால் எரியும்போதே சிறிது சிறிதாக ஏறியிருக்க வேண்டாமா? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள், அவர்களில் ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். அப்புறம் மூன்று மெழுகுவர்த்திகளை நீட்டுங்கள். அதே டம்ளர், உள்ளே அதே காற்று, அதே ஆக்சிஜன், ஆனால் தண்ணீர் முன்னைவிட உயரமாக ஏறும். இன்னும் உற்றுப் பார்ப்பவர்கள் டம்ளரைக் கவிழ்க்கும்போதே விளிம்பில் குமிழ்கள் வெளியேறுவதைப் பார்த்துவிடுவார்கள்.

விஷயம் என்னவென்றால் உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து கொஞ்சம் வெளியே போய்விடுகிறது, சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. எரியும்போது உண்டான நீராவி குளிர்ந்து திரவமாவதும் கொஞ்சம் உதவுகிறது. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதும் இல்லை, ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். உள்ளே காற்று 80 டிகிரி செல்சியஸ் இருந்து 27 டிகிரிக்கு வந்தால், கெல்வினில் 353லிருந்து 300. கனஅளவு சுமார் 15 சதவீதம் குறையும். ஐந்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் வருகிறது இல்லையா? தவறான விளக்கம் இத்தனை காலம் தப்பித்துக்கொண்டு வந்ததற்கு இந்தப் பொருத்தமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம்மில் பலர் நமக்கே விடை தெரியாத ஒரு கேள்வியைக் கையால் தேடிக் கண்டுபிடித்து வெகு நாளாயிற்று. கல்லூரி லேபில் கூட எந்த மதிப்பு வர வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் அளந்தோம். தான் அனுபவிக்காத ஒன்றை ஒருவர் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பார்? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மட் பல வருடங்கள் ஆசிரியர்களுக்கென்றே நடத்திய இயற்பியல் வகுப்புகளில் விரிவுரையே கிடையாது. பல்பு, பேட்டரி, ஒயர் என்று அடியிலிருந்து தாங்களே கட்டிக்கொண்டு வர வேண்டும். பயிற்றுநர் நடுநடுவே வந்து "இதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்பார். பதில் சொன்னால்தான் அடுத்த பகுதி.

உங்கள் இரண்டாவது அமர்வுக்கும் அதையே சொல்வேன். ஒரு பல்பு, ஒரு பேட்டரி, ஒரே ஒரு ஒயர். எரிய வைக்க வேண்டும். முதலில் படம் வரையச் சொல்லுங்கள், பிறகு செய்யச் சொல்லுங்கள். ஓமின் விதியில் கணக்குப் போடத் தெரிந்தவர்களில் பலருக்கே பல்பின் அடி நுனி ஒரு முனை, பக்கவாட்டு உலோகம் இன்னொரு முனை என்பது அப்போதுதான் கையில் உறைக்கும். அவர்களை யாரும் மட்டம் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அது ரொம்ப முக்கியம்.

பழையகரும்பலகை

28 வருட அனுபவத்தில் சொல்கிறேன், டீச்சர், கோபித்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு நீங்கள் நடத்தியது கைடட் என்கொயரியே இல்லை. ஆய்வுவழிக் கற்றலில் நான்கு படிகள் சொல்வார்கள், 1960களில் ஷ்வாப், பிறகு 1971இல் ஹெரான் என்று வந்த பகுப்பு. கேள்வி, செய்முறை, விடை மூன்றும் முன்பே தெரிந்திருந்தால் அது சரிபார்க்கும் சோதனை. விடை மட்டும் மறைந்திருந்தால் இரண்டாம் படி. கேள்வி மட்டும் ஆசிரியருடையது, செய்முறையும் விடையும் பிள்ளைகளுடையது என்றால் அது மூன்றாவது, நீங்கள் தேடுவது. கேள்வியும் அவர்களுடையதே என்றால் நான்காவது, முழுக்கத் திறந்தது. உங்கள் வகுப்பில் கேள்வி உங்களுடையதுதான், ஆனால் அது கடல் மாதிரி இருந்தது. 'எதைப் பொறுத்தது' என்று கேட்டால் பிள்ளைக்கு எங்கே கால் வைப்பது என்றே தெரியாது.

அதே ஊசலுக்கு நான் கேட்பது இது: "ஒரு முழு அலைவுக்குச் சரியாக 1 நொடி எடுக்கும் ஊசல் ஒன்றைச் செய்து கொண்டு வாருங்கள்." அவ்வளவுதான். குண்டை மாற்றுவார்கள், பலன் இருக்காது. அதிக தூரம் இழுத்து விடுவார்கள், சின்னக் கோணங்களில் வித்தியாசமே தெரியாது, 60 டிகிரி வரை இழுத்தால்தான் சுமார் 7 சதவீதம் கூடும். கடைசியில் நூலுக்கு வந்து சேர்ந்து 25 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். ஒரே ஒரு அலைவை அளந்தால் கை தாமதமே கால் நொடிக்குக் கிட்டப் போய்விடுகிறது என்று அவர்களே கண்டு, பத்து அலைவு எண்ணி வகுக்கத் தொடங்குவார்கள். நான் அதைச் சொல்வதே இல்லை, இரண்டு குழுக்களின் அளவுகள் முட்டிக்கொள்ளும்போது தானாக வரும். பிறகு "சரி, 2 நொடி ஊசல்?" என்பேன். எல்லோரும் நூலை இரண்டு மடங்காக்கி 50 சென்டிமீட்டர் கட்டுவார்கள். வருவது 1.4 நொடி! அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் வேண்டும் என்று கண்டுபிடித்த பிறகு வர்க்கமூலம் போட்ட சூத்திரத்தை போர்டில் எழுதினால், அது அவர்களுடைய கேள்விக்கான பதிலாகிவிடுகிறது. 1960களில் இயற்பியலாளர் கார்ப்ளஸ் சொன்ன கற்றல் சுழற்சியின் சாரமும் இதுதான்: முதலில் கைக்கு அனுபவம், பிறகுதான் பெயரும் சூத்திரமும்.

இப்போது என் சந்தேகங்களையும் சொல்லிவிடுகிறேன். 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். குறைந்த வழிகாட்டுதலோடு பிள்ளைகளைத் தேட விட்டால், புதிதாகக் கற்பவர்களின் நினைவுத்திறன் தேடுவதிலேயே தீர்ந்துவிடும், கற்பதற்கு மிச்சம் இருக்காது என்பது வாதம். அடுத்த வருடமே ஹெமலோ சில்வரும் இன்னும் இருவரும் பதில் எழுதினார்கள்: நல்ல ஆய்வுவழி வகுப்பில் வழிகாட்டுதல் குறைவு இல்லை, அது நிறைய இருக்கிறது, வேறு வடிவத்தில் இருக்கிறது என்று. நான் இரண்டு பக்கத்தையும் மதிக்கிறேன். என் அனுபவத்தில் இரண்டாமவர்கள் சொல்வது சரி, ஆனால் அந்த வழிகாட்டுதலைத் தயாரிக்காமல் வகுப்புக்குப் போனால் முதலாமவர்கள் சொல்வதுதான் நடக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

தயாரிப்பு என்றால் நான் செய்வது இது. ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று குறிப்பு அட்டைகளை முன்பே எழுதி வைத்துக்கொள்வேன். ஊசலுக்கு முதல் அட்டை, "இதுவரை எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள்?" இரண்டாவது, "ஒரு தடவைக்கு எத்தனை விஷயங்களை மாற்றினீர்கள்?" மூன்றாவது, "குண்டை மாற்றாமல் நூலை மட்டும் மாற்றுங்கள்." திணறும் குழுவுக்கு முதல் அட்டைதான் போகும், மூன்றாவது வரை போவது அபூர்வம். பயிற்சியில் உங்கள் ஒன்பது பேரும் தங்கள் பாடத்துக்கு இந்த மூன்று வாக்கியங்களை எழுதிப் பழக வேண்டும். அதற்கு ஒரு முழு அமர்வு கொடுக்கலாம், கொஞ்சமும் வீண் இல்லை.

போர்ஷன் விஷயத்தில் நான் போர்ஷன் கேட்பவர்கள் பக்கம். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. தனிமங்களின் குறியீடுகளைக் கண்டுபிடிக்கச் சொல்வதில் அர்த்தம் இல்லை, சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். பிள்ளைகள் கையால் சோதிக்க முடிந்தது, எல்லோரும் தவறாக ஒன்றை நம்புவது, இந்த இரண்டும் எங்கே ஒன்றாக வருகிறதோ அந்தப் பாடங்களை மட்டும் எடுங்கள். ஒரு பருவத்துக்கு மூன்று போதும்.

ஸ்டாப்வாட்ச்

நான் கலந்துகொண்டவள். என்னை மாற்றியது பயிற்சி அறையில் நடந்த எதுவும் இல்லை, என் சொந்தக் குரல்தான்.

எங்கள் பயிற்றுநர் ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். போனை மேசையில் வைத்து ஒரு வகுப்பைப் பதிவு செய்து, கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருக்கிறோம் என்று எண்ண வேண்டும். பதிவை யாருக்கும் காட்ட வேண்டாம், எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் போதும் என்றார். அன்று இரவு கேட்டேன். "இந்தக் கரைசல் ஏன் நிறம் மாறியது?" என்று கேட்கிறேன், மூச்சு விடும் நேரம் கூட இல்லை, "அமிலம் என்பதால், இல்லையா?" என்று நானே சொல்கிறேன். 40 நிமிடத்தில் 50க்கு மேல் கேள்விகள் கேட்டிருந்தேன். பாதிக்கு மேல் நானே பதில் சொல்லியிருந்தேன். ஒரு பையன் "மிஸ், ஆனா போன தடவை..." என்று ஆரம்பிக்கிறான், நான் அவனைத் தாண்டிப் போய்விடுகிறேன். அவன் என்ன சொல்ல வந்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கும்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களிலேயே இதை அளந்துவிட்டார். ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருப்பது 1 நொடி அல்லது அதற்கும் குறைவு. அதை 3 நொடிக்கு மேல் கொண்டுபோனால் பதில்கள் நீளமாகின்றன, 'தெரியாது' என்பதும் மௌனமும் குறைகின்றன, பிள்ளைகள் தாங்களாகக் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள், பின்தங்கியவர்கள் என்று நாம் நினைப்பவர்களும் வாய் திறக்கிறார்கள். பலரும் கவனிக்காத ஒன்று, காத்திருப்பு இரண்டு இடத்தில் வேண்டும். கேள்வி கேட்ட பிறகு ஒன்று, பிள்ளை பதில் சொன்ன பிறகு இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு பிள்ளை பதில் சொன்னவுடன் "வெரி குட்" என்று வாயில் வந்துவிடும், அதோடு மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். இப்போது சரியோ தவறோ முகத்தில் காட்டாமல் மூன்று நொடி நின்றுவிட்டு, "அப்படி நினைக்க எது காரணம்?" என்று மட்டும் கேட்கிறேன். முதல் இரண்டு வாரம் பிள்ளைகளுக்கே சங்கடமாக இருந்தது, பதில் தப்பு போல என்று உடனே மாற்றிச் சொன்னார்கள். சரியான பதிலுக்கும் நான் அதையே கேட்கிறேன் என்று புரிந்ததும் அது போய்விட்டது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதிலும் இதுதான். பயிற்சிக்கு முன் ஒரு பதிவு, முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு பதிவு. யார் எவ்வளவு நேரம் பேசினார்கள், 'ஏன்', 'எப்படித் தெரியும்' என்ற கேள்விகள் எத்தனை, பிள்ளைகளே கேட்ட கேள்விகள் எத்தனை. பதிவு ஆசிரியரிடமே இருக்கட்டும். மேலிடத்துக்குப் போகும் என்ற சந்தேகம் வந்தால் எல்லோரும் அன்றைக்கு நடித்துவிடுவார்கள், அப்புறம் அதில் கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது.

குறிப்பேடு

எல்லாம் சரி, யாரும் நேரக் கணக்கைத் தொடவில்லையே. ஆறு அமர்வு, இரண்டு மணி நேரம், மொத்தம் 12 மணி. 2007இல் யூனும் அவருடைய குழுவும் ஆசிரியர் பயிற்சி பற்றிய 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்தார்கள், தரமான சான்று தந்தவை ஒன்பதுதான். அவற்றில் 14 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ நடந்த பயிற்சிகள் மாணவர்கள் கற்றதில் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க மாற்றம் எதையும் காட்டவில்லை. பலன் தந்தவை அதைவிட நீண்டவை, ஒன்பதின் சராசரி சுமார் 49 மணி. எல்லாமே தொடக்க வகுப்புகளைப் பற்றியவை என்பதால் உங்களுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். ஆனால் 2000இல் சுப்போவிட்ஸ், டர்னர் இருவரும் அறிவியல் ஆசிரியர்களையே பார்த்துச் சொன்னது இன்னும் கடுமை: ஆய்வுவழியில் கற்பிப்பது சராசரி ஆசிரியரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடியது 80 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி பெற்றவர்களிடம்தான்.

இதைச் சொல்வது உங்களைச் சோர்வடையச் செய்ய இல்லை. 12 மணியை இரண்டு நாளில் கொட்டிவிடாதீர்கள் என்பதற்காக. மூன்று வாரத்துக்கு ஒரு அமர்வு என்று பரப்பினால் ஆறு அமர்வு சுமார் நான்கு மாதத்துக்குப் பரவிவிடும். நடுவில் இருக்கும் வாரங்கள்தான் உண்மையான பயிற்சி. பாடத்தைச் சேர்ந்து தயாரிப்பது, ஒருவர் நடத்துவது, மற்றவர்கள் பார்ப்பது, திரும்ப உட்கார்ந்து பேசுவது, அந்த மணிகளையும் சேர்த்தால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

ஜப்பானில் ஜுக்யோ கென்க்யூ என்று நூறு வருடத்துக்கு மேலாகச் செய்து வருகிறார்கள், பாட ஆய்வு என்று சொல்லலாம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் தயாரிப்பார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பார்ப்பார்கள். பார்ப்பது ஆசிரியரை இல்லை, பிள்ளைகளை. இந்தப் பிள்ளை எந்த இடத்தில் நின்றுவிட்டது, எந்தக் கேள்விக்குப் பிறகு நகர்ந்தது, எதை அழித்துவிட்டு எதை எழுதியது என்று குறிப்பெடுப்பார்கள். நாங்கள் நான்கு பேர் இதைச் செய்தபோது முதல் நிபந்தனையாக வைத்தது, பிறகு உட்கார்ந்து பேசும்போது 'நீங்கள் செய்தது' என்று எந்த வாக்கியமும் தொடங்கக்கூடாது, 'அந்தப் பிள்ளை செய்தது' என்றுதான் தொடங்க வேண்டும். பாடம் நான்கு பேருடையது, அதனால் தவறினாலும் நான்கு பேருடையது. இந்த ஒன்று இல்லையென்றால் மூத்தவர்கள் கதவைத் திறந்துவிட மாட்டார்கள்.

இன்னொன்று, உங்கள் நண்பர்களைப் புதுச் சோதனை உருவாக்கச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் செய்முறைத் தாளை எடுத்து, அதில் ஒன்று முதல் எட்டு வரை இருக்கும் படிகளில் மூன்றை அடித்துவிடச் சொல்லுங்கள். எதை அடிக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று சண்டை போடட்டும். அமிலம் ஊற்றும் படி, சூடாக்கும் படி, பாதுகாப்புக் கண்ணாடி அணியும் படி, இவற்றில் கை வைக்கக்கூடாது. ஆனால் அட்டவணை எப்படிப் போடுவது, எத்தனை தடவை அளப்பது, எதை மாறாமல் வைப்பது, இவையெல்லாம் பிள்ளைகளிடம் விடக்கூடியவை. அந்தச் சண்டையில் எல்லோரும் நிறையக் கற்றுக்கொள்வார்கள், நாங்கள் கற்றோம்.

நீலலிட்மஸ்

பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நேற்றுதான் முதல் அமர்வு முடிந்தது.

மெழுகுத்திரி சார், நீங்கள் சொன்னபடியே நடந்தது. ஒன்பது தாளில் எட்டில் ஆக்சிஜன், ஐந்தில் ஒரு பங்கு. (என் தாளிலும் அதுதான் இருந்திருக்கும், உங்கள் பதிலைப் படிக்காமல் இருந்திருந்தால்.) எங்களில் மூத்த வேதியியல் ஆசிரியை ஒருவர், இருபது வருடத்துக்கு மேல் இதையே சொல்லிக் கொடுத்தவர், இரண்டாவது முறை பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் இன்னும் இரண்டு மெழுகுவர்த்தியை எடுத்து வந்தார், நான் கொடுக்கக்கூட இல்லை. டம்ளரின் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் பேனாவால் கோடு போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாக அளந்தார். பக்கத்தில் இருந்தவர் விடை சொல்ல வாயெடுத்ததும் "இருங்க, நான் பார்க்கிறேன்" என்றார். அறையில் வேறு யாரும் பேசவில்லை.

கடைசியில் அவரே ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "இப்படி நடத்தினால் எனக்குத் தெரியாததைப் பிள்ளைகள் கேட்பார்கள். நாற்பது பேர் முன்னால் தெரியாது என்று நான் எப்படி நிற்பது?" அவர் பாடத்தில் எவ்வளவு ஆழமானவர் என்று எனக்குத் தெரியும், அதனால் சட்டென்று சமாதானம் சொல்ல மனம் வரவில்லை. அவருக்கு என்ன சொல்லலாம்?

மெழுகுத்திரி

அவர் இதை வாய்விட்டுக் கேட்டதே பெரிய விஷயம், பலர் இந்தப் பயத்தைப் போர்ஷன் என்ற பெயரில்தான் சொல்வார்கள். இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, நடத்தப்போகும் சோதனையை முந்தின வாரம் உங்கள் குழுவிலேயே ஒருமுறை செய்து, பிள்ளைகள் என்னவெல்லாம் கேட்கலாம் என்று எல்லோரும் சேர்ந்து எழுதுங்கள். ஒன்பது பேர் உட்கார்ந்தால் வரக்கூடிய கேள்விகளில் பெரும்பகுதி வந்துவிடும். மிச்சத்துக்கு, போர்டின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு "இன்னும் தெரியாதவை" என்று எழுதி வைக்கட்டும். தெரியாத கேள்வி வந்தால் கேட்ட பிள்ளையின் பெயரோடு அங்கே போகும், ஒரு வாரத்துக்குள் அதற்குத் திரும்பி வர வேண்டும், அந்த வாக்குத் தவறக்கூடாது. நான் அப்படி எழுதிய முதல் கேள்வி, "டம்ளருக்குள்ளே உண்டான கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்துதான் தண்ணீர் ஏறியதா?" நல்ல கேள்வி, அதைச் சோதிக்கவும் முடியும். கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் மெதுவாகத்தான் கரையும், ஆனால் பிள்ளைகள் அதை என் வாயிலிருந்து கேட்க வேண்டியதில்லை.

ஸ்டாப்வாட்ச்

குறுக்கே வருகிறேன். அந்த டீச்சர் முதலில் நடத்தும் வகுப்பை யாரும் பார்க்க வேண்டாம், அவருக்குப் பிடித்த ஒருவரைத் தவிர. எனக்கு அப்படித்தான் செய்தார்கள், அதனால்தான் இரண்டாவது வகுப்பும் எடுத்தேன்.

பழையகரும்பலகை

கார்பன் டை ஆக்சைடு கேள்விக்கு, மெழுகுவர்த்தியே இல்லாமல் டம்ளரை வெந்நீரில் சூடாக்கித் துடைத்துவிட்டு அப்படியே தட்டுத் தண்ணீரில் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எதுவும் எரியவில்லை, ஆனாலும் தண்ணீர் ஏறும். அந்த டீச்சரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், அவரே அங்கே வந்து சேர்ந்துவிடுவார்.

நீலலிட்மஸ்

சொல்ல மாட்டேன் சார். அடுத்தது பல்பு அமர்வு, மூன்று வாரம் கழித்து. அதற்கு முன் எல்லோரும் ஒரு வகுப்பைப் பதிவு செய்து எண்ணை மட்டும் கொண்டு வர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னுடையதை நேற்று இரவு கேட்டேன். 0.8 நொடி.